பீச்சாங்கைக் கத்தி

நகத்தைக் கடிக்காதீங்க தம்பி. சொல்றனேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. காங்கேயத்துல ஏறுனதுல இருந்து பாக்கறேன், செல்போனைப் பாக்கறீங்க, நகத்தைக் கடிக்கறீங்க, மறுக்கா செல்போனைப் பாக்கறீங்க. அப்படிக் கடிச்சே கெட்டவன் நான். எனக்கு மட்டும் பெருவிரல்ல ஒரு நகம் ஒழுங்கா இருந்திருந்தா, இன்னிக்கு இந்த பஸ்ஸுல இப்படி ஒத்தையா உக்காந்து வந்திருக்க மாட்டேன்.

ஒத்தைன்னு சொல்லக் கூடாதுங்க. சம்சாரத்தோடதான் வர்றேன். அதா, முன்னாடி லேடீஸ் சீட்டுல, அரக்குக் கலர் சேலை, மடியில ஒரு பச்சைப் பையை வெச்சுட்டு நேரா ரோட்டையே பாத்துட்டு இருக்கா பாருங்க, அவதான். துளசிமணி. எம்பக்கத்துல வந்து உக்காரு புள்ளன்னேன். அங்க காத்து வராதுங்கன்னுட்டா. காத்தாமா காத்து! ஜன்னலோரம் நீங்க உக்காந்திருக்கீங்க, உங்களுக்குக் காத்து வர்லீங்களா?

மெதுவாப் பேசறேன். அவளுக்குக் காது ரொம்பக் கூர்மை.

டிக்கெட்டும் தனித்தனி தம்பி. எனக்கு சிங்காநல்லூர் வரைக்கும். அவ பல்லடம் வரைக்குந்தான் எடுத்திருக்கா. பல்லடத்துல எங்க பொண்ணைக் கட்டிக் குடுத்திருக்கோம். "பல்லடம் வரைக்கும் உங்ககூட வர்றேன். அங்க எறங்கிப் பொண்ணு வூட்டுக்குப் போறதா, சிங்காநல்லூர் வர்றதான்னு அங்க போயிச் சொல்றேன்"னுட்டா. இப்ப அவிநாசிபாளையம் தாண்டிட்டமா? அப்ப பல்லடத்துக்கு இன்னும் அரைமணி நேரம் இருக்குது. அதுக்குள்ள அவ மனசு எக்கட்டால சாயுமோ, அந்த ஆத்தாளுக்கே வெளிச்சம்.

என்ன சண்டைன்னு கேக்கறீங்க. கேக்கலையா? பரவால்ல, சொல்றேன். நீங்களே ஞாயத்தைச் சொல்லுங்க.

எம்பேரு நாச்சிமுத்து. கோயமுத்தூர்ல பம்பு கம்பெனியில டூல்ரூம், அச்சும் கருவியும் பண்ற எடம். முப்பத்தஞ்சு வருஷ சர்வீசு. ரிடையராயி வந்தவன் என்ன பண்ணுவான்? டீவி பாப்பான், இல்லாட்டிப் பொண்டாட்டி கூடச் சண்டை போடுவான். நான் அப்படி இல்லீங்க. வூட்டுக்குப் பின்னாடி ஒரு தகரக் கொட்டாய் போட்டேன். பழைய மில்லிங் மிஷின் ஒண்ணு, கிரைண்டர் ஒண்ணு, இரும்பைக் கவ்விப் புடிக்க ஒரு வைஸ். மடக்குக் கத்தி பண்ண ஆரம்பிச்சேன். பேனாக்கத்தின்னு சின்னதா ஒண்ணு இருக்குதுல்ல, அதோட அண்ணன்னு வெச்சுக்கங்களேன். தென்னந்தோப்புக்காரன், நாத்துக் கட்டறவன், பூந்தோட்டக்காரன், எல்லாத்துக்கும் இடுப்புல ஒண்ணு வேணும்.

மடக்குக் கத்தியில எது கஷ்டம்னு நெனைக்கறீங்க? எல்லாருஞ் சாணைன்னு சொல்லுவாங்க. சாணை எவன் வேணா புடிப்பான் தம்பி. கஷ்டமானது நகக்குழி. கத்தி மடங்கிப் பிடிக்குள்ள படுத்திருக்குது. அதை எதைப் புடிச்சு வெளிய இழுப்பீங்க? அலகோட முதுகுக்கிட்ட மூணாம் பொறை மாதிரி ஒரு சின்ன வெட்டு இருக்கும், பெருவிரல் நகம் போயி உக்கார்ற அளவுக்கு. அதுக்குத்தான் நகக்குழின்னு பேரு. நான் வெச்ச பேருதான். அலகை வைஸ்ல கொஞ்சம் சாய்ச்சுக் கட்டி, ஒத்தைப் பல்லு கட்டரைச் சுத்த விட்டு, ஒரு தொடு. ஒரே தொடு. கம்மியாத் தொட்டா நகம் வழுக்கும். ஜாஸ்தியாத் தொட்டா அது குழி இல்லை, கெணறு. அதுவும் அலகைக் காய்ச்சிக் கடுசாக்கிப் பதம் போடறதுக்கு முந்தியே வெட்டிப் போடோணும். பதம் போட்டுட்டு வெட்டப் போனா கட்டர்தான் அழுவும்.

சரி, வெட்டிட்டோம். நகம் சரியா உக்காருதா, வழுக்குதா, ஸ்பிரிங்கு கடுசா இருக்குதான்னு பாக்கோணுமில்ல? அதுக்கு நகம் வேணும். இங்க பாருங்க என்ற கையை. பத்து விரலு, ஒத்தை நகம் கெடையாது. மூணாங்கிளாஸ்ல இருந்து கடிக்கறேன். டாக்டரு இதெல்லாம் மனக்கவலைன்னாரு. கவலையும் இல்லை ஒண்ணும் இல்லை, வாய் சும்மா இருக்காது, அவ்வளவுதான். நானா கத்தியைத் தொறந்தா ரெண்டு விரல்ல அலகைக் கிள்ளிப் புடிச்சுத் தொறந்துருவேன். எனக்கு எந்தப் பக்கம் குழி இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்.

அதனால துளசிமணியைக் கூப்புட்டேன். அவளுக்கு நல்ல நகம். மொத மொதப் பண்ணுன கத்தியை அவ கையில குடுத்தேன். தடவிப் பாத்தா, திருப்பிப் பாத்தா. "ஏனுங்க, குழி இக்கட்டால இருக்குது. அக்கட்டால வெச்சீங்கன்னா சுளுவா இருக்குமுங்க"ன்னா. நான் என்ன பண்ணுனேன்? டூல்ரூம்ல முப்பத்தஞ்சு வருஷம் இருந்தவன் தம்பி. சாமானை யாரு கையாளறாங்களோ அவங்க சொல்றதைக் கேக்கோணும், அதுதான் மொதப் பாடம். அடுத்த கத்தியில அக்கட்டால வெட்டுனேன். அவ வாங்குனா, டக்குன்னு தொறந்தா. "இப்பச் சரிங்க." அவ்வளவுதான். அன்னிக்குப் புடிச்ச பக்கம், மூணு வருஷம் மாறவே இல்லை.

வேலை என்னோடது, நகம் அவளோடது. நான் வெட்டி முடிச்சுட்டு "ஏம்புள்ள"ன்னு ஒரு சத்தங் குடுப்பேன். அடுப்புல என்ன இருந்தாலும் சிம்ல வெச்சுட்டு வருவா. ஈரக்கையை முந்தானையில தொடச்சுட்டு வாங்கித் தொறப்பா. "சரிங்க"ன்னா சரி. "கடிக்குதுங்க"ன்னா ஸ்பிரிங்கைத் தேய்ப்பேன். ஒருக்கா நகம் பாதியில ஒடிஞ்சு ரத்தமே வந்துருச்சு பாவம். உடனே நோட்டை எடுத்து 'ஸ்பிரிங்கு கடுசு, இன்னும் தேய்க்க'ன்னு எழுதி வெச்சுக்கிட்டேன். வேலைன்னா அப்படிக் கவனமா இருக்கோணும்.

ஒறம்பரை, சொந்தக்காரங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கத்தி குடுத்தேன். ஒருத்தனும் ஒரு குறை சொல்லலை. சம்பந்தி பீரோவுல பத்திரமா வெச்சிருக்கறாரு. அவ தம்பி தண்டபாணி, காங்கேயத்துல மாடு வெச்சிருக்கறவன், அவன் மட்டும் பல்லுல கடிச்சுத் தொறப்பான். காட்டுப்பயன்னு நெனைச்சுக்கிட்டேன்.

திரும்பிப் பாத்தாளா இப்ப? இல்லையா? சரி.

போன மாசம் கோயமுத்தூர்ல ஒரு விவசாயக் கண்காட்சி. ஒரு மேசை புடிச்சு நாப்பது கத்தி கொண்டு போனேன். ஒவ்வொண்ணுக்கும் ஒரு வெல்வெட்டுப் பை, துளசிமணி தெச்சது. நானும் வரட்டுங்களான்னு கேட்டா. அங்க உனக்கு என்ன சோலி, வூட்டைப் பாத்துக்கன்னுட்டேன். வெயில் பாருங்க, அவளை எதுக்கு அலைக்கழிக்கோணும்?

காலையில மொத ஆளு ஒரு கவுண்டரு வந்தாரு. கத்தியை எடுத்தாரு. தடவுனாரு. திருப்புனாரு. மறுக்கா திருப்புனாரு. "ஏனுங்க, இது துரு ஏறி ஒட்டிக்கிச்சுங்களா?"ன்னாரு. புதுக் கத்தியைப் பாத்து! நான் வாங்கித் தொறந்து காட்டுனேன். "நீங்க கிள்ளித் தொறக்கறீங்க, அப்புறம் இந்தக் குழி எதுக்குங்க, திருஷ்டிக்கா?"ன்னுட்டுப் போயிட்டாரு. ரெண்டாவது ஆளு, மூணாவது ஆளு, எல்லாவனும் அதே. எடுக்கறான், நகத்தை வைக்கறான், அங்க வழவழன்னு இருக்குது. ஒருத்தன் கத்தியைத் தலைகீழாப் புடிச்சான், ஒருத்தன் கையவே முறுக்கிக்கிட்டான். நானும் பொறுமையா எப்படிப் புடிக்கோணும்னு பாடம் எடுத்தேன். பத்து பேருக்கு எடுத்தேன். பதினோராவது ஆளுகிட்ட, "மம்பட்டி புடிக்கற கைக்கு மடக்குக் கத்தி எங்க தெரியும்"னு ஒரு வார்த்தை விட்டுட்டேன். அவரு எதிர்த்த ஸ்டால்ல டிராக்டர் விக்கறவராம். எனக்கெப்படித் தெரியும்?

மத்தியானம் ஒருத்தரு வந்தாரு. மருதாசலம்னு பேரு, மேட்டுப்பாளையத்துல நர்சரி வெச்சிருக்கறாரு. நாள் பூரா செடிக்கு ஒட்டுக் கட்டறவரு. எடுத்தாரு, டக்குன்னு தொறந்தாரு. மூடுனாரு, மறுக்கா தொறந்தாரு. அப்படியே கண்ணு கலங்கிப் போச்சுங்க மனுசனுக்கு. "அய்யா, நாப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். எங்களுக்குன்னு கத்தி பண்ண ஒரு ஆளு இந்த ஊருலயே இருக்கறது தெரியாமப் போச்சே"ன்னாரு. எங்களுக்குன்னா யாருக்குங்கன்னேன். அவரு பாட்டுக்கு அந்தக் கூட்டத்துல சத்தமா, "என்னையாட்ட பீச்சாங்கைக்காரனுக்குங்க!"ன்னுட்டாரு.

அவ்வளவுதான். டிராக்டர்காரன் சிரிச்சான் பாருங்க ஒரு சிரிப்பு. அப்படியே ஸ்டால் ஸ்டாலாப் பரவிப் போச்சு. பொழுது சாயற வரைக்கும், "பீச்சாங்கைக் கத்தி எங்கீங்க?"ன்னு கேட்டுட்டு ஆளுக வந்து எட்டிப் பாத்துட்டுப் போறாங்க, என்னமோ ரெண்டு தலைக் கன்னுக்குட்டியப் பாக்கற மாதிரி. மருதாசலம் அஞ்சு கத்தி எடுத்துக்கிட்டு, எங்கையை அந்தக் கையாலயே புடிச்சுக் குலுக்கிட்டுப் போனாரு. மீதி முப்பத்தஞ்சையும் பொட்டி கட்டி எடுத்துட்டு வந்தேன்.

பஸ்ஸுல வர்றப்பவே மண்டையில பொறி தட்டிருச்சு. வூட்டுக்குப் போனா அவ பீன்ஸ் அரிஞ்சுட்டிருக்கா. செருப்பைக்கூடக் கழட்டாம வாசப்படியிலயே நின்னு பாத்தேன். ஆமாங்க! பீச்சாங்கைதான்! சரசரன்னு அரியறா, என்னமோ பொறந்ததுல இருந்து அப்படியே அரியற மாதிரி.

"எப்படிப் போச்சுங்க?"ன்னா.

"எத்தனை நாளா இது?"ன்னேன்.

"எதுங்க?"

"பீச்சாங்கை."

அவ கத்தியைக் கீழ வெச்சா. என்னையப் பாத்தா. கோவிச்சிருந்தாக்கூடப் பரவால்ல தம்பி, ஆச்சரியமாப் பாத்தா. "தெனம் வாசல்ல கோலம் எந்தக் கையில போடறேன்?"னு கேட்டா. எனக்கென்ன தெரியும், நான் எந்திரிக்கறப்ப கோலம் போட்டு முடிச்சிருக்கும். "தோசை எந்தக் கையில திருப்பறேன்?" தோசை தட்டுக்கு வருது, திங்கறேன், அது எந்தக் கையில திரும்புனா எனக்கென்ன? "உங்க புள்ளைக்குப் பன்னண்டு வருஷம் எந்தக் கையில சடை பின்னி விட்டேன்?" எனக்கு எரிச்சலா வந்துருச்சு. நானே மானம் போயி வந்திருக்கேன், இவ பரீட்சை வைக்கறா! "சோறு போடறப்ப சோத்தாங்கையிலதானடி போடறே?"ன்னேன். "ஆமாங்க. பந்தியில, கோயில்ல, உங்களுக்குப் போடறப்ப, நாலு பேரு பாக்கற எடத்துல எல்லாம் சோத்தாங்கைதான்"னா.

"அப்ப முப்பத்தொரு வருஷமா என்கிட்ட மறைச்சிருக்கே. பொண்ணு பாக்க வந்தன்னிக்கே சொல்லியிருக்கோணுமா இல்லையா?"

"என்னன்னு சொல்றதுங்க? காப்பித் தட்டை நீட்டிட்டு, இந்தக் கை சும்மா காட்டறதுக்குங்கன்னா?"

இதுல என்ற தப்பு என்ன தம்பி, சொல்லுங்க. முழு மூணு வருஷ வேலை தலைகீழாப் போயிருக்குது. அந்தக் கோவத்துல ஒண்ணு சொல்லிட்டேன். "உங்கம்மா நல்லாப் பாத்துத் தள்ளி விட்டுருச்சு. எங்க டூல்ரூமுக்கு இப்படி ஒரு சாமான் வந்திருந்தா ரிஜக்சன்னு சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பியிருப்பேன்"னேன். தமாசுக்குத்தானுங்க! டூல்ரூம்ல நாங்க தெனம் பேசிக்கற தமாசு.

அவ சிரிக்கலை. "சரிங்க"ன்னா. மூணு வருஷமா கத்தியைத் தொறந்து பாத்துட்டுச் சொன்ன அதே "சரிங்க". அதனால நானும் சரியாப் போச்சுன்னு நெனைச்சுத் தூங்கிட்டேன். விடிஞ்சு பாத்தா, பிளாஸ்கில காப்பி இருக்குது, ஆளு இல்லை. காங்கேயம் போயிட்டா, தம்பி வூட்டுக்கு.

பதிமூணு நாளுங்க. சோத்துக்குக் கஷ்டமான்னு கேக்காதீங்க, சிங்காநல்லூர்ல மெஸ்ஸுக்கா பஞ்சம்? சோத்துக்காக நான் போகலை. அதை நல்லாப் புரிஞ்சுக்கோணும். ஆனா ஒரு காப்பி போடலாம்னு சமையக்கட்டுக்குள்ள போனா, எனக்கு ஒண்ணும் பிடிபடலை தம்பி. லைட்டருக்குக் கையை நீட்டுனா அங்க சுவரு. அதை மாட்டற ஆணி அந்தப் பக்கம் இருக்குது. கரண்டிக் கம்பி அந்தப் பக்கம். உப்பு, சக்கரை, டீத்தூளு, எல்லாம் அந்தப் பக்கம். சக்கரை டப்பாவை எட்டி எடுக்கப் போயி பாலைக் கொட்டிட்டேன். என்ற சொந்த வூடு, நான் கட்டுன வூடு, அதுக்குள்ள எங்கை எனக்கே ஒதவலை. திருட வந்தவனாட்ட நின்னுட்டிருந்தேன்.

அப்புறம் வேலையப் பாப்போம்னு கொட்டாய்க்குப் போனேன். சோத்தாங்கைக்காரனுக்குத் தோதா, இக்கட்டால குழி வெச்சு நாலு கத்தி வெட்டுனேன். பாக்கறதுக்கு ஆளு? பால்காரனைக் கூப்புட்டேன், அவனுக்கும் நகம் இல்லை. பக்கத்து வூட்டு அம்மாவ, "கொஞ்சம் உங்க நகத்தைக் குடுங்க"ன்னு கேக்க முடியுமா? செருப்பால அடிப்பாங்க. சரின்னு வைராக்கியமா நகம் கடிக்கறதை விட்டேன். பத்து நாள்! பெருவிரல்ல நெல்லு மொனையாட்டம் கொஞ்சம் நகம் வந்துச்சு. புதுக் கத்தியில வெச்சேன், சுளுவாத் தொறந்துச்சு. அப்புறம் சும்மா இருக்காம, கண்காட்சியில ஆளுக பட்ட பாடு என்னதான்னு பாப்போம்னு, பழைய கத்தி ஒண்ணை எடுத்தேன். கையைக் கோணிக்கிட்டுக் குழியில நகத்தை மாட்டி இழுத்தனா, சுர்ருன்னு மடிஞ்சு பிச்சுக்கிச்சு. பத்து நாள் வளத்த நகம்! கண்ணுல தண்ணி வந்துருச்சு. கத்தியத் தூக்கி வீசிட்டு, 'எந்தப் படுபாவிடா இதை இப்படிப் பண்ணுனது'ன்னு சத்தமாக் கேட்டேன். கேட்டதுக்கப்புறந்தான் யாரு பண்ணுனதுன்னு ஞாபகம் வந்துச்சு. அவ பொழங்கற அருவாமனை, கத்திரிக்கோலு, எல்லாம் எவனோ எங்கையாட்டக் கை இருக்கறவன் பண்ணுனதுதானே, அவ என்னைக்காவது தூக்கி வீசியிருக்காளான்னு ஒரு ரோசனை.

அன்னிக்குன்னு பாத்து மருதாசலம் போன் பண்றாரு. அவரு கூட்டாளிக, எல்லாம் அந்தக் கைக்காரங்க, முப்பத்தஞ்சு பேரு கத்தி கேக்கறாங்களாம். பொட்டியில இருக்கறதும் முப்பத்தஞ்சு. அனுப்பிச்சுட்டேன். இன்னும் வேணும்னாங்க. அப்ப எனக்கு நகம் வேணுமா இல்லையா? அந்தக் கை நகம் வேணுமா இல்லையா? அதான் நேத்து காங்கேயம் போனேன்.

போனா அவ வெளிய வரலை. தண்டபாணிதான் காப்பி குடுத்தான். குடுத்துட்டு, "மாமா, அந்த வார்த்தைய மட்டும் அக்காகிட்டச் சொல்லாதீங்க"ன்னான். எந்த வார்த்தைடான்னேன். பீச்... அந்தக் கை வார்த்தையத்தான். அப்பச் சொன்னான். அவளுக்கு அஞ்சு வயசு இருக்கறப்ப, ஏதோ கலியாணப் பந்தியில அந்தக் கையால சோத்தை அள்ளித் தின்னுட்டாளாம். ஒறம்பரை முழுக்க அந்த வார்த்தையச் சொல்லிச் சிரிச்சிருக்குது. பொழுதோட வூட்டுக்கு வந்ததும் எங்க மாமியா கரண்டிக் காம்பைக் காய வெச்சு மணிக்கட்டுல இழுத்துருச்சாம்.

அந்தத் தழும்பை நான் பாத்திருக்கேன் தம்பி. முப்பத்தொரு வருஷமாப் பாத்திருக்கேன். தோசைக்கல்லு பட்டதுன்னு நானா நெனைச்சுக்கிட்டேன். அவ சொல்லலை. நான் கேக்கவும் இல்லை. கேட்டிருக்கோணுங்களா? கேட்டிருக்கோணுந்தான். காப்பியக் குடிக்காமக் கீழ வெச்சுட்டேன். ரிஜக்சன் சீட்டுன்னு நான் சொன்னது காதுலயே நின்னுட்டிருந்துச்சு.

அந்நேரம் எந்திரிச்சு உள்ள போனேன். நல்லதா நாலு வார்த்தை பேசோணும்னுதான் போனேன், சத்தியமா. அவ மாட்டுக்குத் தவிடு கலக்கிட்டு நின்னா. என்ற வாயில என்ன வந்துச்சு தெரியுமா? "மருதாசலம் இன்னும் கத்தி கேக்கறாரு. நீ வந்தா வேலை நடக்கும்." அவ நிமுந்து பாக்காமக் கேட்டா, "கத்திக்காகக் கூப்படறீங்களா, எனக்காகக் கூப்படறீங்களா?" இப்படி நேருக்கு நேரா, தவிட்டு வாளியும் கையுமாக் கேட்டா என்னத்தைச் சொல்றது? தண்டபாணி வேற பின்னாடி நிக்கறான். மாடு நிக்குது. "கத்திக்குத்தான்"னுட்டேன்.

சிரிக்காதீங்க தம்பி.

அதுக்குத்தான் அவ பல்லடம் வரைக்கும்னு டிக்கெட் எடுத்தது. அதா, பாலம் வருது. பல்லடம் வந்துருச்சு. பஸ் ஸ்டாண்டுக்குள்ள போறான். பையை எடுத்துத் தோள்ல போட்டுட்டா, பாத்தீங்களா? எறங்கப் போறா. எறங்கிருவாளுங்களா? நீங்க எட்டிப் பாத்துச் சொல்லுங்க, எனக்குப் பாக்க முடியலை. உக்காந்துதான் இருக்காளா? பை தோள்ல இருக்குது, ஆளு உக்காந்திருக்கா. அதுக்கு என்னங்க அர்த்தம்?

வெள்ளரிக்காக்காரன் ஏறிட்டான். வெள்ளரிக்கான்னா அவளுக்கு உசுரு, மொளகாப்பொடி தூவி. வாங்கறா. வாங்குனா எறங்க மாட்டா, இல்ல? எறங்கறவ எறங்கித்தானே வாங்குவா? காசு நீட்டறா. அந்தக் கையிலதான் நீட்டறா தம்பி, நாலு பேரு பாக்கற எடத்துல! முப்பத்தொரு வருஷத்துல நான் பாத்ததே இல்லையே. ஏன் அவன் வாங்காம நிக்கறான்? என்ன சொல்றான்? கேட்டீங்களா? "காலையில மொதப் போணி, பீச்சாங்கையில நீட்டறயே தாயி, சோத்தாங்கையில குடு"ங்கறான்!

அய்யோ, மாத்தறா பாருங்க. தலையக் குனிஞ்சுட்டுக் காசை இந்தக் கைக்கு மாத்தறா தம்பி. அஞ்சு வயசுப் புள்ளையாட்டம் மாத்தறா. எடத்தைப் பாத்துக்கங்க. பாத்துக்கங்க தம்பி, நான் போகோணும்.

மாத்தாத புள்ள! ஏய் துளசிமணி, மாத்தாதங்கறேன்! அதே கையில குடு!

ஏம்ப்பா வெள்ளரிக்கா, இங்க பாரு. என்ன சொன்னே? பீச்சாங்கையா? ஆமா, பீச்சாங்கைதான்! அதுக்கென்ன இப்ப? என்ற கத்தி ஒவ்வொண்ணும் அந்தப் பீச்சாங்கையில போணியானதுதான்யா. மேட்டுப்பாளையம் வரைக்கும் போயிருக்குது. உன்ற வெள்ளரிக்கா என்ன, கைலாசத்துல வெளைஞ்சதா? வாங்குடா காசை. மரியாதையா வாங்கு. ஏம்மா, நீங்க எல்லாம் எதுக்குத் திரும்பிப் பாக்கறீங்க? இவ எம்பொண்டாட்டி. கோவிச்சுட்டுப் போயிட்டா, கூட்டிட்டுப் போக வந்திருக்கேன். கத்தியும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம், நான் இவளைத்தான் கூட்டிட்டுப் போக வந்தேன். போதுமா? எல்லாத்துக்கும் கேட்டுச்சா?

நகந்துக்கங்க தம்பி, உக்காந்துக்கறேன். மூச்சு வாங்குது. பஸ்ஸே பாக்குதா? பாக்கட்டும். அந்த வார்த்தைய எத்தனை வாட்டி சொன்னேன்? மூணா? தண்டபாணிக்குத் தெரிஞ்சா தொலைச்சான் என்னை.

வண்டி நகருதுங்களா? அவ எறங்கலையே? தலையத் தூக்கிப் பாக்க எனக்குத் தகிரியம் இல்லை, நீங்களே சொல்லுங்க. கண்டக்டரு போயி நிக்கறாரா? என்ன கேக்கறாரு? "பல்லடம் எறங்கலீங்களா"ன்னா? அவ என்ன சொன்னா? சரியாக் கேட்டீங்களா தம்பி, இன்னொருக்காச் சொல்லுங்க. "சிங்காநல்லூர் ஒண்ணு"ன்னா சொன்னா?

அடேயப்பா, எந்திரிச்சு வர்றா. இங்கதான் வர்றா.

...இல்ல புள்ள, கத்தலை. சரி, இனிக் கத்தலை. மாத்திரை போட்டுட்டேன், காங்கேயத்துலயே போட்டுட்டேன். குடு. திங்கறேன். நீ போயி உக்காரு, வண்டி குலுங்குது, கம்பியப் புடிச்சுட்டுப் போ.

கேட்டீங்களா? பிரசர் மாத்திரை போட்டீங்களான்னு கேக்கறா. பதிமூணு நாள் கழிச்சு அவளா வந்து பேசுன மொதப் பேச்சு. இந்தாங்க, நீங்களும் ஒரு துண்டு எடுத்துக்கங்க, மொளகாப்பொடி கொஞ்சம் ஜாஸ்தி. என்ன கேட்டீங்க? எந்தக் கையில குடுத்தாளா? அட, நான் கவனிக்கலீங்களே தம்பி. அவ மூஞ்சியத்தான் பாத்துட்டிருந்தேன்.